காற்றாடி இல்லாத சார்ஜர்: மென் சுவிட்சிங் செய்யும் முறை

விசுவமடுவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் கொட்டில் நடத்தும் ஒருவர், சென்ற சிறுபோக அறுவடை நேரத்தில் பற்றரி சார்ஜர் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளிநொச்சியில் உள்ள என் கடைக்கு வந்தார். "அக்கா, இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை" என்று சொல்லி மேசையில் வைத்தார். மூடியைக் கழற்றினேன். காற்றாடியின் இதழ்களில் செம்மண் தூசி அப்பிப் பிடித்திருந்தது. இறகுத் துகளும் தூசியும் சேர்ந்து வெப்பத்தகட்டின் இடுக்குகளை முழுதாக அடைத்திருந்தன. அதற்குக் கீழே, இரண்டு மொஸ்பெற்களின் (மின்னோட்டத்தை மிக வேகமாக ஓட்டி நிறுத்தும் சுவிட்சுகள்) கால்களுக்குக் குறுக்கே ஒரு பல்லி கருகி ஒட்டிக் கிடந்தது.

மொஸ்பெற்றை மாற்றிக் கொடுப்பது அரை மணி நேர வேலை. முந்தைய இரண்டு தடவையும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் பல்லி உள்ளே போனது காற்றுத் துளை வழியாக. துளை வைத்தது காற்றாடிக்காக. காற்றாடி வைத்தது உள்ளே எழும் வெப்பத்துக்காக. அந்த வெப்பத்தில் பெரும்பங்கு, மொஸ்பெற் ஒவ்வொரு தடவை ஓடி நிற்கும்போதும் வீணாகும் மின்சாரம். ஆகவே வேர் அங்கே இருக்கிறது. மென் சுவிட்சிங் என்றால், அதாவது அந்த இழப்பு வராத நேரம் பார்த்து மொஸ்பெற்றை ஓட்டி நிறுத்துவது என்றால், பலர் பயன்திறன் சதவீதத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். வன்னியில் எனக்கு அதன் பெறுமதி வேறு: இழப்பைப் போதிய அளவு குறைத்துவிட்டால் காற்றாடி வேண்டாம், துளை வேண்டாம், பெட்டியை இறுக்கி மூடிவிடலாம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது வாங்கிய சார்ஜர்களும் இன்வேட்டர்களும் இப்போது ஒவ்வொன்றாகப் பழுதாகி வருகின்றன. அவற்றைத் திருத்துபவர்களுக்கும், அறிவியல் நகர்ப் பல்கலைக்கழகப் பீடங்களில் படித்துக்கொண்டே கைவேலை பழக விரும்பும் பிள்ளைகளுக்கும் உதவும் என்று நான் கட்டும் முறையை எழுதுகிறேன்.

வக்கடையும் மொஸ்பெற்றும்

வயல் செய்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேல் வயலில் நீர் முழங்கால் அளவு நிற்கிறது, கீழ் வயல் காய்ந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் வக்கடையை (வரம்பில் நீர் பாயும் வாய்) வெட்டினால் நீர் பாய்ந்து வரம்பையே அரித்துக்கொண்டு போகும். இரண்டு வயலிலும் நீர்மட்டம் ஒன்றானபின் வெட்டினால் ஒரு பிடி மண்கூடக் கரையாது.

மொஸ்பெற்றும் அப்படித்தான். அதன் இரண்டு முனைகளுக்கிடையே 380 வோல்ட் நிற்கும்போது ஓட வைத்தால், வோல்ட்டு இறங்கி முடிவதற்குள் மின்னோட்டம் ஏறிவிடும். அந்தச் சில பத்து நானோசெக்கனில் இரண்டும் ஒன்றாக நிற்பதால் வெப்பம் பிறக்கிறது. கூடவே, மொஸ்பெற்றின் உள்ளேயே இருக்கும் சிறு கொள்ளளவி (தமிழ்நாட்டில் மின்தேக்கி) தன்னில் தேக்கிய சக்தியை அதே இடத்தில் கொட்டிவிடுகிறது. 380 வோல்ட், 4 அம்பியர், ஏறி இறங்க மொத்தம் 60 நானோசெக்கன், ஒரு செக்கனுக்கு 1,00,000 தடவை என்று வையுங்கள். மேற்பொருந்தலில் மட்டும் ஏறக்குறைய 4.5 வாட். உள்ளிருக்கும் கொள்ளளவி 150 பிக்கோபராட் என்றால் இன்னொரு 1 வாட். இது ஒரு மொஸ்பெற்றுக்கு.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட வீடு எங்களுடையது. பெடலைக் கையால் சுற்றியவள் நான். ஒரு வாட் என்பது எவ்வளவு உழைப்பு என்று என் தோளுக்குத் தெரியும். அதைச் சும்மா சூடாக்கி வெளியே விட எனக்கு மனம் வருவதில்லை.

வழி இரண்டு. வோல்ட்டு பூச்சியத்துக்கு இறங்கியபின் மொஸ்பெற்றை ஓட வைப்பது ஒன்று. மின்னோட்டம் பூச்சியமாகும் நொடியில் நிறுத்துவது மற்றது. மொஸ்பெற்றுக்கு முதலாவது பொருத்தம். பெரிய இன்வேட்டர்களில் வரும் ஐஜிபிடி என்ற இன்னொரு வகைச் சுவிட்சில் நிறுத்தியபிறகும் வால் போல ஓட்டம் தொடரும் என்பதால் அதற்கு இரண்டாவது பொருத்தம். 1980களில் அமெரிக்காவின் வெர்ஜினியா டெக்கில் பிரெட் லீயும் அவருடைய மாணவர்களும் இந்த இரண்டையும் ஒழுங்காக வகுத்துக் காட்டினார்கள். நான் கட்டும் எல்எல்சி என்ற சுற்று (இரண்டு தூண்டி, அதாவது கம்பிச் சுருள், ஒரு கொள்ளளவி), மொஸ்பெற் பக்கம் முதலாவதையும் வெளியீட்டு டயோட் பக்கம் இரண்டாவதையும் ஒருசேரத் தருகிறது.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. எல்லா இடத்திலும் இதைப் போட வேண்டாம். 48 வோல்ட் பற்றரிப் பக்கம் நிற்கும் மொஸ்பெற்றில் உள்ளிருக்கும் கொள்ளளவி 1 நானோபராட்டாக இருந்தாலும், 50 கிலோஹேர்ட்ஸில் அது வீணாக்குவது 0.06 வாட் அளவுதான். அங்கே வெப்பம் வருவது பெரிய மின்னோட்டத்தாலும் மெல்லிய செம்பாலும். செம்பைத் தடிப்பாக்குங்கள், மூட்டுகளை நன்றாக ஈயம் பிடியுங்கள், அதுவே போதும். மென் சுவிட்சிங் பலன் தருவது நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும் பக்கத்தில்.

அளவுகள்

நான் எடுத்துக்கொள்ளும் வேலை இது: உள்ளே 380 வோல்ட் நேர்மின் (டிசி); வெளியே 16 செல் லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரிக்கு 10 அம்பியர். 230 வோல்ட்டிலிருந்து 380 வோல்ட் ஆக்கும் முன்பகுதியை நான் தனிப் பெட்டியில் வைக்கிறேன், அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

இந்தப் பற்றரியைத் தெரிந்தேதான் எடுத்தேன். எல்எல்சி சுற்றுக்குத் தன் பரிவு மீடிறனுக்கு (தூண்டியும் கொள்ளளவியும் இயல்பாகச் சேர்ந்து ஆடும் வேகம்) பக்கத்தில் வேலை செய்யப் பிடிக்கும். வோல்ட்டு அங்கும் இங்கும் அலைந்தால் அது சிரமப்படும். 16 செல் பற்றரி காலியில் 48 வோல்ட்டிலும் நிரம்பும்போது 57.6 வோல்ட்டிலும் நின்றாலும், சார்ஜ் ஏறும் நேரத்தில் பெரும்பகுதியை 53க்கும் 54க்கும் இடையில்தான் கழிக்கிறது. சுற்றின் நடுப்புள்ளியை 54 வோல்ட்டில் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். மேலும் கீழுமாக இரண்டு மொஸ்பெற் நிற்கும் அரைப்பாலச் சுற்றில் மின்மாற்றிக்குக் கிடைப்பது 380இன் பாதி, அதாவது 190 வோல்ட். 190ஐ 54ஆல் வகுத்தால் 3.5. முதன்மைச் சுற்று (380 வோல்ட் பக்கம்) 28, துணைச் சுற்று (பற்றரிப் பக்கம்) நடு முனையுடன் 8 + 8.

பரிவுத் தூண்டி 40 மைக்ரோஹென்றி. பரிவுக் கொள்ளளவி 33 நானோபராட் இரண்டு பக்கவாட்டில், மொத்தம் 66. இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 6.28ஆல் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் வருவது 98 கிலோஹேர்ட்ஸ். மின்மாற்றியின் காந்தமாக்கும் தூண்டல் 200 மைக்ரோஹென்றி, அதாவது பரிவுத் தூண்டியைப் போல ஐந்து மடங்கு. இதை மேலும் கூட்டினால் வீண் ஓட்டம் குறையும். ஆனால் மொஸ்பெற்றின் வோல்ட்டை இறக்கும் பலமும் குறைந்துவிடும். ஐந்து மடங்கு எனக்கு நன்றாகக் கைகொடுத்திருக்கிறது.

சுற்றும் வேலை

மின்மாற்றியின் அகடு (கம்பி சுற்றும் காந்தக் கட்டை) ஈடிடி 39 அளவு ஃபெரைட். காந்தமாக்கும் தூண்டலை 200க்கு இறக்க நடுவில் மொத்தம் 0.6 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். நான் அகட்டின் நடுக்காலைத் தேய்ப்பதில்லை. இரண்டு பாதிகளுக்கும் இடையில் எல்லாக் கால்களிலும் 0.3 மில்லிமீற்றர் காப்புத் தாள் வைக்கிறேன். பாதை இரண்டு இடத்தில் வெட்டப்படுவதால் 0.3 இரண்டு தடவை கணக்கில் வரும். மீற்றரில் அளந்து, தூண்டல் கூடினால் தாளைக் கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள்.

கம்பி விடயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 100 கிலோஹேர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் 0.2 மில்லிமீற்றர் ஆழத்துக்கு மட்டும்தான் ஓடும். தடித்த ஒற்றைக் கம்பி சுற்றினால் நடுச் செம்பு வேலையே செய்யாது. 0.1 மில்லிமீற்றர் எனாமல் கம்பி 110 இழைகளை ஒன்றாக முறுக்கி முதன்மைக்கு எடுக்கிறேன். துணைக்கு 250 இழை. முறுக்குவதற்குக் கடை வாசல் வேப்பமரத்தில் ஓர் ஆணி அடித்திருக்கிறேன். ஒரு முனையை அதில் மாட்டி, மறுமுனையைத் துளைபொறியின் வாயில் கவ்வி, மெதுவாகச் சுற்றினால் பத்து நிமிடத்தில் ஒரு நல்ல புரி கிடைக்கும். முனையில் ஈயம் பிடிக்கும்போது ஒவ்வோர் இழையின் எனாமலும் எரிந்து ஈயம் ஏற வேண்டும். உள்ளே நாலைந்து இழை பளபளப்பாகத் தெரிந்தால் திரும்ப முக்குங்கள். முதன்மைக்கும் துணைக்கும் நடுவில் மூன்று சுற்று பொலியெஸ்டர் நாடா, இரு ஓரங்களிலும் 4 மில்லிமீற்றர் வெறுமை. இதில் குறை வைத்தால் பற்றரியைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து.

சுற்றி முடித்தபின் துணையின் முனைகளைக் குறுக்கிணைத்து (ஷோர்ட் செய்து) முதன்மையில் அளந்தால் கசிவுத் தூண்டல் தெரியும். எனக்குப் பெரும்பாலும் 6 மைக்ரோஹென்றி அளவில் வரும். அதையும் பரிவுத் தூண்டியின் பங்காகக் கணக்கில் எடுத்து, தனித் தூண்டியை 34இல் சுற்றுகிறேன். அந்தத் தூண்டிக்கும் இடைவெளி வைத்த ஃபெரைட்தான் வேண்டும். பழைய கணினி மின்வழங்கியில் கிடைக்கும் மஞ்சள்–வெள்ளை வளையம் கைக்கு எளிதாகக் கிடைக்கிறதே என்று போடாதீர்கள். அது இரும்புத் தூள். நேர்மின்னைச் சமப்படுத்துவதற்குச் செய்தது. முழு ஆடலோட்டத்தை (ஏசி) அதில் விட்டால் கொஞ்ச நேரத்திலேயே கை வைக்க முடியாது.

பரிவுக் கொள்ளளவியில் நான் செய்த பிழையையும் சொல்லியாக வேண்டும். முதற்பெட்டியில், கையில் இருந்த பச்சைப் பொலியெஸ்டர் கொள்ளளவிகளைப் போட்டேன். அளவு சரி, வோல்ட்டும் சரி. இருபது நிமிடம் முழுச்சுமையில் ஓடியதும் ஒரு புளித்த வாடை வந்தது. அணைத்துப் பார்த்தால் இரண்டும் வீங்கி, மேற்பூச்சு நடுவில் கீறியிருந்தது. அந்த இடத்தில் இடைவிடாமல் 3.5 அம்பியர் ஆடலோட்டம் ஓடுகிறது; பொலியெஸ்டர் அதைத் தாங்காது. பொலிபுரொப்பிலீன்தான் போட வேண்டும். 190 வோல்ட் நேர்மின்னின் மேல் ஆடலோட்டத்தின் உச்சமும் ஏறி 310 வோல்ட்டைத் தொடும் என்பதால் 630 வோல்ட்டுக்குக் குறையாமல் எடுங்கள். கொழும்பிலிருந்து வரவழைக்க நாலு நாள் ஆனாலும் காத்திருங்கள்.

இடை ஓய்வு

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மேல் மொஸ்பெற் நின்றபின், கீழ் மொஸ்பெற் ஓடுவதற்குமுன் இரண்டும் நிற்கும் ஒரு சிறு ஓய்வு உண்டு. டெட் டைம் என்பார்கள். அந்த ஓய்வில் மின்மாற்றியின் காந்தமாக்கும் ஓட்டம் நிற்க முடியாமல் தொடர்ந்து ஓடி, கீழ் மொஸ்பெற்றின் கொள்ளளவியை வெறுமையாக்கி, மேலதை நிரப்புகிறது. நீர்மட்டம் தானாகவே ஒன்றாகிறது. அதன்பின் வக்கடையை வெட்டுகிறோம்.

போதுமா என்று கணக்குப் பார்ப்போம். காந்தமாக்கும் ஓட்டத்தின் உச்சம்: 190 வோல்ட்டை ஒரு முழுச் சுழற்சி நேரமான 10.2 மைக்ரோசெக்கனால் பெருக்கி, 200 மைக்ரோஹென்றியின் நாலு மடங்கால் வகுத்தால் 2.4 அம்பியர். நகர்த்த வேண்டிய மின்னேற்றம்: மொஸ்பெற்றின் தரவுத்தாளில் நேரம் சார்ந்த வெளியீட்டுக் கொள்ளளவு 200 பிக்கோபராட் என்றால், இரண்டுக்கும் சேர்த்து 380 வோல்ட்டில் 152 நானோகூலோம். அதை 2.4 அம்பியரால் வகுத்தால் 63 நானோசெக்கன். நான் பயன்படுத்தும் எல் 6599 கட்டுப்பாட்டுச் சில்லு தானாகவே ஏறக்குறைய 300 நானோசெக்கன் ஓய்வு விடுகிறது. தாராளம்.

அந்தத் தாராளத்தை வீணாக்காமல், ஒவ்வொரு மொஸ்பெற்றின் குறுக்கேயும் 220 பிக்கோபராட் கொள்ளளவி ஒன்று வைக்கிறேன். ஓட வைப்பது இப்போது இழப்பில்லாமல் நடந்தாலும் நிறுத்துவது 2.4 அம்பியரில்தான் நடக்கிறது. இந்தச் சிறு கொள்ளளவி வோல்ட்டை மெதுவாக ஏறச் செய்து அந்த இழப்பையும் அடக்கிவிடும். நேரம் 130 நானோசெக்கன் அளவுக்கு நீளும், 300க்குள் நிற்கும். வோல்ட்டு நிற்கும்போதே ஓட வைக்கும் வன் சுவிட்சிங்கில் இப்படிக் கொள்ளளவி வைத்தால் அதுவே கூடுதல் இழப்பு. இங்கே அது லாபம்.

தாழ் மீடிறன் எல்லையை மறந்துவிட்டால் மட்டும் எல்லாம் பாழ். சுமை ஏறும்போது சுற்று மீடிறனைக் குறைத்துக் குறைத்து வோல்ட்டைக் கூட்டும். முழுச்சுமையில் இந்த அளவுகளுக்கு 51 கிலோஹேர்ட்ஸ் அருகில் உச்சம். அதற்குக் கீழே போனால் ஓட்டம் வோல்ட்டுக்கு முந்திவிடும், மென்மை போய்விடும், மொஸ்பெற்றின் உள் டயோட் ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்க மொஸ்பெற் ஓடத் தொடங்கி ஒரே அடியில் இரண்டும் வெடிக்கும். ஆகவே தாழ் எல்லையை 65 கிலோஹேர்ட்ஸில் கட்டிவிடுங்கள். 57.6 வோல்ட் எட்ட அது தாராளமாகப் போதும். வெளியே குறுக்கிணைப்பு நேர்ந்தால் அந்த உச்சம் மேலே நகர்ந்து பரிவு மீடிறனுக்கே வந்துவிடும். அதனால் மிகையோட்டத்தைக் கண்டதும் மீடிறனை உயர்த்தும் பாதுகாப்பு கட்டாயம் வேலை செய்ய வேண்டும். சில்லில் அதற்கு ஒரு கால் இருக்கிறது. அதை வெறுமனே நிலத்தில் கட்டிவிட்டு "பிறகு பார்ப்போம்" என்று விடாதீர்கள்.

முதல் ஓட்டம்

380 வோல்ட் கொள்ளளவி அணைத்தபின்னும் உயிரோடு இருக்கும். தடையி ஒன்றால் இறக்கி, மீற்றரில் பார்த்தபின்தான் கையை வையுங்கள். அலைவுகாட்டியின் (ஒசிலோஸ்கோப்) நிலக் கவ்வியை இந்தப் பக்கத்தில் நேரே மாட்டக் கூடாது. வேற்றுமை முனை (டிஃபரன்ஷியல் புரோப்) அல்லது பிரிப்பு மின்மாற்றி வேண்டும். அலைவுகாட்டியின் நிலக் காலை வெட்டிவிட்டு வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தன் உடலையே கம்பியாக்கும் வேலை.

முதல் தடவை 100 வாட் இழை மின்குமிழ் ஒன்றைத் தொடரில் போட்டு ஏற்றுங்கள். ஏதாவது பிழை இருந்தால் குமிழ் பளிச்சென்று எரியும், மொஸ்பெற் தப்பும். தாழ்ந்த வோல்ட்டில் மென்மை தெரியவில்லை என்று பதற வேண்டாம்: மொஸ்பெற்றின் கொள்ளளவு தாழ் வோல்ட்டில் பல மடங்கு பெரிது. 380ஐ நெருங்கும்போதுதான் உண்மை தெரியும்.

இப்போது கீழ் மொஸ்பெற்றின் கேற்றையும் (கட்டளை வாங்கும் கால்) டிரெயினையும் (ஓட்டம் உள்ளே வரும் கால்) ஒரே திரையில் பாருங்கள். வன் சுவிட்சிங்கில் கேற்றின் வோல்ட்டு ஏறும் வழியில், 5 அல்லது 6 வோல்ட் அளவில் ஒரு படி தெரியும். டிரெயின் வோல்ட்டு விழும்வரை கேற் அங்கே தயங்கி நிற்கும். மென் சுவிட்சிங்கில் அந்தப் படி இருக்காது. டிரெயின் முதலில் மெல்லச் சரிந்து, பூச்சியத்துக்குக் கொஞ்சம் கீழேயும் தொட்டு, அங்கே தங்கும். அதற்குப் பிறகு கேற் தடையில்லாமல் ஒரே கோடாக ஏறும். அந்தப் படி மறைந்ததை முதன்முதலில் பார்த்த நாளில் நான் திரையை விட்டு நகரவே இல்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

படி இன்னும் தெரிந்தால் காந்தமாக்கும் ஓட்டம் போதவில்லை. தாளைக் கொஞ்சம் கூட்டுங்கள். டிரெயின் இறங்கி மறுபடி ஏறத் தொடங்கினால் ஓய்வு நீண்டுவிட்டது, அல்லது மீடிறன் மிகத் தாழ்ந்துவிட்டது. துணைப் பக்க டயோட்டில் நிற்கும் நேரத்தில் கூர்முனை தெரிந்தால் நீங்கள் பரிவு மீடிறனுக்கு மேலே ஓடுகிறீர்கள். காலிப் பற்றரியில் அது இயல்பு, 54 வோல்ட்டுக்கு வந்ததும் அடங்கிவிடும். அந்த டயோட்கள் 200 வோல்ட் தாங்க வேண்டும். 10 அம்பியரில் 8 வாட் அவற்றிலேயே போகிறது. இந்தப் பெட்டியில் மிஞ்சும் இழப்பில் பெரியது இதுதான். கைவந்தபின் அந்த இடத்தில் மொஸ்பெற் போடலாம்.

பெட்டி

540 வாட் வெளியே போகும்போது, 90 சதவீதச் சுற்று 60 வாட்டைச் சூடாக்கும். 96 சதவீதச் சுற்று 22 வாட்டை. 300க்கு 200க்கு 80 மில்லிமீற்றர் அலுமினியப் பெட்டியின் மேற்பரப்பு 0.2 சதுர மீற்றர். காற்றாடி இல்லாமல் 22 வாட்டுக்கு அது சுற்றுப்புறத்தை விட ஏறக்குறைய 15 பாகை ஏறும், 60 வாட்டுக்கு 40 பாகை. தகரக் கூரையின் கீழ் பங்குனி, சித்திரை மதியத்தில் ஏற்கெனவே 40 பாகை இருக்கிறது. 55இல் பெட்டி வாழும். 80இல் கொள்ளளவிகள் நெடுநாள் தாக்குப்பிடிக்காது.

மொஸ்பெற்றையும் டயோட்டையும் காப்புத் தாள் வைத்துப் பெட்டியின் பக்கச் சுவரில் நேரே இறுக்குங்கள். மின்மாற்றியையும் வெப்பம் கடத்தும் மெத்தையால் சுவரோடு சேருங்கள். காற்றில் தொங்கவிட்டால் மூடிய பெட்டிக்குள் அது தனியாக வேகும். கம்பிகள் கீழ்ப்பக்கமாக, இறப்பர் இறுக்கியுடன் வெளியே வர வேண்டும். மூடியின் விளிம்பில் இறப்பர் நாடா. பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நிமிர்ந்தபடி மாட்டினால் காற்று பின்னாலும் ஏறும்.

விசுவமடுக்காரருக்குக் கட்டிக் கொடுத்த பெட்டியைக் காலபோக மழைக்குப் பிறகு போய்த் திறந்து பார்த்தேன். வெளியே தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. உள்ளே மின்மாற்றியின் மேல் நான் பென்சிலால் எழுதிய திகதி அப்படியே வாசிக்கும்படி இருந்தது.